ஜின்செங் கண்ட மண்

மருந்து வேரான ஜின்செங் ஒருமுறை விளைந்த நிலத்தில் கொரியாவின் கும்சான்காரர்கள் மறுபடியும் அதைப் போடுவதில்லை. அதனால்தான் அக்கா கணவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முன் கியூஹோ அந்த அத்தானிடம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவர் ஒன்றையே சொன்னார்: "மிளகாயும் எள்ளும் தவிர வேற எதையும் பார்க்காத மண்ணுடா."

ஆறு வருடப் பயிர். நான்காம் வருடம், கோடை முடியுமுன்பே தெற்கு மூலையில் இலைகள் வாடின. தோண்டிப் பார்த்தான். வேர் துரு நிறத்தில், கொழகொழவென்று விரலோடு வந்தது.

விவசாய நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்த அம்மாள் சொன்னாள்: "ஜின்செங் வேரு தன் கசப்பைக் கொஞ்சங் கொஞ்சமா மண்ணுல விடும். அந்தக் கசப்புக்காகத்தானே நாமளே திங்கறோம். நெறைய கிருமிக்கு அது ஆகாது. அழுகல் பூஞ்சைக்கு மட்டும் விருந்து. பயிரைப் பிடுங்கின அப்புறமும் பூஞ்சை வருஷக்கணக்கா அங்கேயே தூங்கும். இவ்வளவு பூஞ்சை நாலு வருஷத்துல சேராது தம்பி. இந்த மண்ணு முன்னாடியே ஜின்செங் பார்த்திருக்கு."

"எங்க அத்தான் நிலம்மா அது."

"மண்ணுக்கு அத்தான் மச்சான்லாம் தெரியாதே."

வீடு திரும்பும் வழியெல்லாம் கியூஹோ தன்மேல்தான் பிழை தேடினான். வடிகால் ஆழம் போதவில்லையோ? நாற்றைச் சரியாகக் கழுவவில்லையோ? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதிலும் குறை அகப்படவில்லை.

மறுநாள் காலை, அழுகல் எட்டாத வடக்குப் பாத்தியைத் தோண்டத் தொடங்கினான். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். அக்கா மியோங்சூக் சோற்றுப் பொட்டலத்தோடு தெற்குப் பக்கமாக வந்தாள்.

"இப்பவே பிடுங்கறியா? இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே."

"இங்க முன்னாடியே ஜின்செங் போட்டது உனக்குத் தெரியுமாக்கா?"

அவள் பொட்டலத்தை வரப்பில் வைத்தாள். "மாமனார் போட்டது. பதினாறு வருஷமாச்சு. மண்ணு மறந்திருக்கும்னு நெனச்சோம்."

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பியா? வேற எவன் எடுப்பான்?"

அவன் மறுபடி குனிந்து தோண்டினான். உதவுவதற்காக அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்தியை நோக்கி வந்தாள். அவள் பூட்ஸ் விளிம்பில் கருப்பாக ஈரமண் அப்பியிருந்தது.

"அங்கேயே நில்லுக்கா. கால்ல அந்த மூலை மண்ணு."

"கழட்டிட்டு வரேன்டா."

"வேணாம். வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை, வரப்பிலேயே நின்றாள். கியூஹோ தலை நிமிராமல், விரல் பருமன்கூட இல்லாத வேர்களை ஒவ்வொன்றாக மண் உதறிக் கூடையில் அடுக்கினான்.