நீல கிரீஸ், தேன் நிற கிரீஸ்

காகித ஆலையின் உலர்த்தும் கூடத்தில் எந்நேரமும் ஒரு மூட்டம் இருக்கும். ஈரத்தாள் சூடான உருளைகளின்மேல் ஏறி இறங்கி, தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் ஆவியாக விட்டுவிட்டு, அந்தப் பக்கம் மொரமொரவென்று வெளியே வரும். ஆவி கூரைவரை போய், விளக்குகளைச் சுற்றி நின்று, மனசில்லாமல் கலையும். அதற்குள் நடப்பவர்களுக்குக் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

அண்ணிக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது. கிரீஸ் துப்பாக்கியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு உருளை உருளையாகப் போவாள். ஒவ்வொரு உருளையின் இரு முனையிலும் ஒரு பேரிங், ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு சின்ன வாய். அதில் முனையைப் பொருத்தி அழுத்தும்போது உள்ளே கிரீஸ் இறங்குவது உள்ளங்கைக்குத் தெரியும். தூங்கும் பெரிய மிருகங்களுக்கு ஊட்டிவிடுவதுபோல இருக்கும் அவளுக்கு.

ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அந்தப் பெயரைக் கொண்டுவந்தவள் அவளுடைய நாத்தனார். அவளுக்கும் இதே கூடம், இதே வேலை, ஷிப்ட் மட்டும் வேறு. இவளுக்குக் காலை, அவளுக்கு மாலை. வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். ஒரே வீட்டில் இருந்து, ஒரே சீப்பில் தலைவாரிக்கொண்டவர்கள். ஒரு நாள் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அண்ணி உள்ளே வந்தபோது, நாத்தனார் தலையணையும் பையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை பார்த்திருந்தாள்.

சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அண்ணி அக்கறையாகத்தான் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கப்பட்டவளுக்கு அது வீட்டு வாசலில் செக்போஸ்ட் போட்ட மாதிரி இருந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இவளுக்கு. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்கு. நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், மனைவி சொன்னதற்கும் தங்கை சொன்னதற்கும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரும் வாசலில் எதிரெதிரே வருவார்கள். கண்கள் முட்டிக்கொள்ளும். அதோடு சரி.

அந்த மழைக்காலத்தில் பேரிங்குகள் ஒன்று மாற்றி ஒன்று கெட்டன, இரவில் இயந்திரத்தை நிறுத்தி மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பழுப்பு கிரீஸ் சில இடங்களில் சூட்டில் காய்ந்து கட்டிதட்டியது. சில இடங்களில் ஆவி பட்டு வெளுத்து வழிந்தது. சூப்பர்வைசர் சில மாதிரி டப்பாக்களை வரவழைத்தார். இரைச்சலுக்குப் பயந்து எப்போதும் காதில் பஞ்சு வைத்திருப்பவர் என்பதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். கிரீஸ் போடுகிறவர்கள்தானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாக டப்பாக்களை ஒப்படைத்தார்.

அண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு விரல் எடுத்துத் தகர மூடிகளில் தடவி, நீராவிக் குழாயின்மேல் வரிசையாக வைத்தாள். மற்றவையெல்லாம் இளகி எண்ணெய் கசிந்தபோது, மயில் கழுத்து நீலத்தில் இருந்த பாலியூரியா கிரீஸ் மட்டும் அசையாமல் இருந்தது. சூடுதான் இங்கே எதிரி என்று அவள் நினைத்தாள். நீலத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

நாத்தனார் அதே டப்பாக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீர் டம்ளர்களில் போட்டுக் கலக்கிப் பார்த்தாளாம். தேன் நிறத்தில் இருந்த கால்சியம் கிரீஸ் தண்ணீரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு ஈரம்தான் எதிரியாகப் பட்டது. அவள் தேனைத் தேர்ந்தெடுத்தாள். இதெல்லாம் பிறகுதான் அண்ணிக்குத் தெரியவந்தது.

ஆளுக்கொரு முறை பஞ்சுவிடம் போய், இதுதான் சரி, அந்த ஷிப்டிலும் சொல்லிவிடுங்கள் என்றார்கள். பஞ்சு இருவருக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தமில்லை. விழவில்லை என்று காட்டிக்கொள்ள விருப்பமில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியாகக் காலையில் நீலம் இறங்கியது, மாலையில் தேன் இறங்கியது, ஒரே வாயில். ஓரங்களில் ஏதோ மங்கலாகப் பிதுங்குவதை அண்ணி பார்த்தாள். பழைய கிரீஸ் வெளியே வருகிறது என்று துடைத்துவிட்டுப் போனாள்.

ஒரு பிற்பகல், ஷிப்ட் முடியும் தறுவாயில், ஓடிக்கொண்டிருந்த வெள்ளைத் தாளில் ஒரு பச்சைத் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. தாள் ஓட ஓட, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தரையில் பாசி முளைப்பதுபோலப் புள்ளிகள் பெருகின. யாரோ கை காட்ட, இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

அண்ணி அந்தக் கூடத்தின் அமைதியை அன்றுதான் கேட்டாள். உருளைகள் மெல்ல மெல்லத் தயங்கி நின்றன. ஆவி அடங்கியது. இத்தனை காலமும் பாதிக்குமேல் பார்த்திராத கூடம், நீளமாக, எதிர்ச்சுவர்வரை திறந்துகொண்டது. அங்கே ஜன்னல்கள் இருந்தன. அவை இருப்பதே அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் உருளைகளின்மேல் பால்போல வழிந்தது. அந்த வெளிச்சத்தின் மறுகோடியிலிருந்து நாத்தனார் நடந்து வந்தாள், கையில் தன் துப்பாக்கியோடு.

பேரிங்கின் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பச்சைக் கூழ் கஞ்சியாகக் கொட்டியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அண்ணி, நீங்க என்ன போட்டீங்க?”

“நீலம். நீ?”

“தேன் கலர்.”

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிரீஸ் என்பது எண்ணெயைத் தனக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு கெட்டிப்பொருள். ஒவ்வொரு வகைக்கும் பிடிக்கும் விதம் வேறு. சேராத இரண்டைக் கலந்தால் இரண்டுமே பிடியை விட்டுவிடும். இருவருக்குமே தெரிந்த பாடம்தான். பஞ்சு ஓடிவந்து காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, இருவரும் ஒரே கிரீஸைத்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். இருவரும் பேரிங்கின்மேலேயே குனிந்துகொண்டார்கள். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோமோ என்று இருவருக்குமே பயம்.

உட்கார்ந்து ஒவ்வொரு பேரிங்காகக் கழுவினார்கள். கழுவக் கழுவ எஃகுக் குண்டுகள் கண்விழித்ததுபோல மின்னின. கைக்கு வேலை இருந்ததால் வாய்க்குப் பேச்சு சுலபமாக வந்தது. எந்த கிரீஸ் என்பதுதான் பேச்சு. அண்ணி சூட்டைச் சொன்னாள், நாத்தனார் ஈரத்தைச் சொன்னாள். ஒருத்தி சொல்வதை ஒருத்தி கடைசிவரை கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

நாத்தனார் கேட்டாள்: “சூடு சூடுங்கறீங்க. உருளையோட சூட்டை வெச்சுச் சொல்றீங்களா, பேரிங்கைப் பாத்துச் சொல்றீங்களா?”

 அண்ணி நீராவிக் குழாயில்தான் வைத்துப் பார்த்திருந்தாள். பேரிங்கின் சூடுமானி அன்று காலையில் காட்டியதை நினைவுபடுத்திப் பார்த்தாள். உருளை கொதித்தாலும், அதன் முனையிலிருந்த பேரிங்குக்கு அவ்வளவு சூடு வருவதில்லை. தேன் நிறம் அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும். தண்ணீரோ, கூரையிலிருந்தும் குழாய் இணைப்பிலிருந்தும் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

“உன்னுதுதான் சரி,” என்றாள் அண்ணி. சொன்னபின் மார்பு லேசானது. பிறகு தேன் நிறத்தை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். “ஆனா எண்ணெய் ரொம்பத் தண்ணியா இருக்கு. இவ்ளோ கனத்தைத் தூக்கிட்டு மெதுவா சுத்தற உருளைக்கு இது பத்தாது. இதே வகையில கெட்டி எண்ணெய் போட்டது கேப்போம்.”

நாத்தனாரும் தேய்த்துப் பார்த்தாள். “ஆமா. அத நான் யோசிக்கல.”

கெட்டி வகை வந்து சேர்ந்து, பேரிங்குகளையெல்லாம் துளி விடாமல் துடைத்து, புதிதாக நிரப்பி ஓட்டினார்கள். தாள் மறுபடி ஆறுபோல ஓடியது, வெள்ளையாக. மூட்டம் எழுந்து ஜன்னல்களை மூடிக்கொண்டது.

வார விடுமுறைக்கு நாத்தனார் தன் அறைக்குக் கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது முதலில் சிரமமாக இருந்தது, மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் பழகிவிட்டது.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அலமாரியில் ஒழுங்காக மடித்த துணிகள். அண்ணனுக்குக் கழுத்து எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்த நாத்தனார், பக்கத்து அறைக்காரியின் குறட்டையை நடித்துக் காட்டினாள். மாலை ஷிப்டில் இயந்திரம் சில சமயம் பாடுவதுபோலக் கேட்கும் என்றாள். அண்ணி தனக்கும் அப்படிக் கேட்டிருக்கிறது என்றாள். யாரிடமும் சொன்னதில்லை. என்ன பாட்டு என்று இருவரும் முனகிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் கட்டிலில் சாய்ந்தாள். வார்த்தைகள் இடைவெளி விட்டு வந்தன, பிறகு வரவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, வாரம் முழுவதும் உழைத்த தூக்கம்.

அண்ணி எழுந்து போகவில்லை. நாற்காலியில் கால்களை மடித்து உட்கார்ந்தாள். வீட்டில் கணவன் பசியோடு காத்திருப்பான்; ஒரு நாள் அவனே சமைத்துக்கொள்ளட்டும். மழை தூறத் தொடங்கியிருந்தது. அது தகரக் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டபடி அவளும் கண்களை மூடிக்கொண்டாள்.