ஏழாம் வட்டத்துப் பூஜ்ஜியங்கள்

அவளுக்குப் பொம்மைக்காரி என்று பேர் வைத்தவனே நான்தான். எங்கள் நகராட்சி அலுவலகத்துக் கணினிக்குள் ஒரு பொம்மை ஊரையே கட்டி வைத்திருந்தாள். மக்கள்தொகைக் கணக்கு, ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை என்று மொத்தமாகத்தான் சொல்லும். குடும்ப ஆய்வு என்று இன்னொன்று உண்டு. அது வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் விவரமாகச் சொல்லும், ஆனால் பல ஊர்களில் சில ஆயிரம் வீடுகளோடு சரி. இவள் அந்த ஆய்வுக் குடும்பங்களை நகலெடுத்து, மொத்தக் கணக்கோடு பொருந்தும்வரை வட்டம் வட்டமாகக் குடியேற்றுவாள். பிறகு ஒரு திட்டத்தை மாற்றினால் எந்த வட்டத்தில் யார் தலையில் விடியும் என்று அந்தப் பொம்மைகளைக் கேட்டுச் சொல்லுவாள்.

நான் இருபத்திரண்டு வருடமாகப் படியேறிக் கதவு தட்டிக் கணக்கெடுப்பவன். எனக்கு இது காதில் பூச்சுற்றுகிற வேலையாகப் பட்டது.

அந்த வருடம் முதியோருக்கு ஒரே ஒரு பகல் காப்பகம் திறக்க அனுமதி வந்தது. காலையில் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்கள். இயக்குநர் பன்னிரண்டாம் வட்டத்துக்குத் தருவதாக இருந்தார். ஆதாரம் என் கணக்கெடுப்பு. "வீட்டில் ஒருவரைப் பராமரிக்க நாளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது?" என்ற கேள்விக்கு ஏழாம் வட்டத்தில் பத்துக்கு ஒன்பது வீடு பூஜ்ஜியம்.

கூட்டத்தில் பொம்மைக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள்: "சார், இதே மாதிரி வயசு, இதே மாதிரி குடும்பம், மத்த ஊர்ல எல்லாம் ஏழு, எட்டு மணி நேரம்னு சொல்றாங்க. ஏழாம் வட்டத்துல மட்டும் எப்படி பூஜ்ஜியம் ஆகும்? என் கணக்குல அங்க முந்நூத்திப் பத்து வீடு தவிக்குது."

"அதுல ஒரே ஒரு வீட்டோட விலாசம் சொல்லும்மா, நேர்ல போய் நலம் விசாரிச்சுட்டு வரேன்" என்றேன். அறையே சிரித்தது.

அவள் முகம் மாறவில்லை. "விலாசம் இதுக்குத் தெரியாதுண்ணா. இது தப்பாவும் இருக்கலாம். அதான் கேக்கறேன், அந்தக் கேள்விய நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

"குடும்பத் தலைவர்கிட்டதான். வேற யார்கிட்ட கேப்பாங்க?"

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். முடிவு நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு என்றார் இயக்குநர். கிளம்பும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். ஏழாம் வட்டத்தில் அவள் குடியேற்றிய பொம்மைக் குடும்பம் ஒன்று. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கணவர் மாதச் சம்பளக்காரர். மனைவிக்கு ஐம்பத்து மூன்று வயது, வேலை இல்லை. கணவரின் தந்தைக்கு எண்பத்தாறு, படுத்த படுக்கை. பராமரிப்பு எட்டு மணி நேரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசலாக என் வீடு. ஆள் வைத்து என் வீட்டை வேவு பார்த்தாளா? தாளின் மூலையில் இருந்ததோ எங்கோ ஒரு ஊரின் ஆய்வு எண். என் வீடும் ஏழாம் வட்டம்தான். என் வீட்டுப் படிவத்தை அலுவலக மேசையிலேயே நிரப்பி, அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டவனும் நானேதான். மனைவி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்ற நினைப்பு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, என் மனைவி அப்பாவை ஒருபக்கமாகப் புரட்டி முதுகுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவப் பாத்துக்க உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டேன்.

"ஏன், உங்க சட்டைய இஸ்திரி போட மறந்துட்டேனா?"

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணினாள். மாத்திரை, குளியல், துணி, மூன்று வேளை ஊட்டுவது, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவது. "ஒம்பதே கால் மணி நேரம் வருது" என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"ஊரெல்லாம் போய்க் கேக்கறீங்க. என்னை எங்க கேட்டீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை கூட்டத்துக்கு முன்னால் பழைய படிவங்களில் பூஜ்ஜியம் போட்ட பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்தத் தடவை பெண்களைக் கேட்டேன். எட்டு வீட்டில் பூஜ்ஜியம் பொய்யானது.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "சார், ஏழாம் வட்டத்துல என் கணக்கு தப்பு. இந்தப் பொண்ணு படியேறாமலே பாத்தத, படியேறின நான் பாக்கல."

இயக்குநர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோப்பில் பன்னிரண்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். அவள்மீது எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லத் தெரியாமல் அவள் பக்கம் திரும்பினேன்.

"நேத்து உங்ககிட்ட ஒரு விலாசம் கேட்டேன்ல? எழுதிக்கோங்க" என்று என் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். "உங்க பொம்மைக்கு எட்டு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. ஒண்ணே கால் மணி நேரம் குறையுதும்மா."