சிவப்பு அம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. இன்றைக்குச் சொல்லப்போவது ரத்தம் சிந்துகிற கதை. தூரத்தில் இருந்து கேட்டால் பயமாக இருக்கும். பக்கத்தில் இருந்து கேட்டால் வருத்தம் மட்டும்தான் இருக்கும். ஒரு வீட்டில் மூன்று பேர். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி, நடுவில் பிறந்தவள் ஒருத்தி. அந்த நடுவில் பிறந்தவளோடு நீங்களும் நில்லுங்கள்.

கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனின் உடம்பில் சட்டைக் காலர் பொத்தான் போட வரவில்லை. கழுத்துக்குக் கீழே ஆஸ்பத்திரியில் வைத்து ஒட்டிய பஞ்சு தடித்துக் கிடந்தது. ரொட்டி ஆலையில் அடுப்படி வேலை பார்த்துக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. சூட்டுத் தட்டுக்கே பயப்படாத அந்த விரல்கள் ஒரு பொத்தானிடம் தோற்றுக்கொண்டிருந்தன.

"விடுக்கா. மேல் பட்டன் வேணாம்," என்றான் தம்பி.

"வேணும். காயம் தெரியுது."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும், கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்வான். நேற்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் கத்தி. இவன் நடுவில் போய், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டான். கத்திக்குப் பேச்சுத் தெரியாது. யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தம்பி கையிலிருந்த போனை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய வீடியோ. கழுத்து தடித்த, மொட்டைத் தலை ஆள் ஒருவன் அண்ணனை அக்குளில் கைகொடுத்துத் தரையோடு இழுக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான் அந்த மொட்டைத் தலைக்கு மேலே சிவப்பில் அம்பு வரைந்து, "இவன்தான்" என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருந்தான்.

அம்பு என்றால் தம்பிக்கு அது தொழில். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனியில் இருந்தான். ஆடுகிறவன் ஒரு வீரனாக வேஷம் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டுப் பெரியவனாகிற நீளமான கதை விளையாட்டுகள். போக வேண்டிய வாசலுக்கும், கொல்ல வேண்டிய ஆளின் தலைக்கும் மேலே அம்பு வைப்பது இவன் வேலை. அண்ணனோ அதே மாதிரி விளையாட்டுகளில் பழசுக்குப் பைத்தியம். அவற்றில் அம்பும் கிடையாது, வரைபடமும் கிடையாது. கட்டம் போட்ட தாளில் ஆடுகிறவனே வரைந்துகொள்ள வேண்டும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் இதே வழக்குதான்.

"அம்பு வெச்சுட்டா அது ஊராடா? ஏர்போர்ட்."

"உன் ஆட்டத்துல ஒரு கதவைத் தேடி ஒரு வாரம் அலையணும். ஜனங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லையா?"

"அலையறப்பதான் நாலு பேர்கிட்ட வாயக் குடுப்ப. கெட்டவன் எவன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. பேசித்தான் கண்டுபிடிக்கணும். ஆள் மாறிக் கொன்னுட்டியா, செத்தவன் செத்தவன்தான். அவன் கடை கடைசி வரைக்கும் மூடித்தான் கிடக்கும்."

"அது கொடுமைண்ணா. முதல்ல பண்ணின தப்பு முடியறப்பதான் தெரியும், திரும்பியும் போக முடியாது. ஆட வந்தவனை நம்ப வெச்சுக் கழுத்தறுக்கற வேலை. எங்க ஆட்டத்துல தப்புப் பண்ணினா ஒரு பட்டன். பழைய இடத்துக்கே போயிடலாம்."

"ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல, அதான் இவ்வளவு சந்தேகம்," என்பாள் அவள். "நான் பட்டன் இல்லாத ஆட்டத்துல மாட்டி, சுவரேறிக் குதிச்சு வந்தவ. வாய மூடிட்டுச் சாப்பிடுங்க."

தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது, கண்ணுகளா. வேலை முடிந்து களைத்து வருகிறவனை இருட்டில் முட்டிக்கொள்ள விடாதே என்கிற இரக்கம் அது. இரக்கத்தில் பிறந்தது எல்லாம் இரக்கமாகவே வளர்கிறதா என்ன?

அண்ணனின் கருவிப் பையிலிருந்து நீளமான ஸ்பேனரைத் தம்பி எடுத்துக் கதவோரம் சாய்த்து வைத்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். ஒருத்தன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவனும் கொலைப்பழியோடு சிறைக்குப் போனால், மூன்று தட்டு வைத்த வீட்டில் ஒற்றைத் தட்டு. "அதை உள்ள வைடா," என்று இரண்டு தரம் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை.

வெளியே ஒரு சரக்கு வேன் வந்து நின்றது. இறங்கினவனுக்கு மொட்டைத் தலை, தடித்த கழுத்து. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அவள் பொத்தானை விட்டுவிட்டு எழுவதற்குள் தம்பி வாசலைத் தாண்டியிருந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு விட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அந்த ஆள் "தம்பி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். இரண்டாவது அடி அந்த வார்த்தையின் மேலேயே விழுந்தது. தாடை கோணி, ரத்தமும் பல்லுமாகப் படிக்கட்டில் தெறித்தது. சரிந்தவனை விலாவில் உதைத்தான். உருண்டவனை மறுபடி உதைத்தான். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள், பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "அப்படித்தான், விடாதே," என்றது ஒரு குரல். தம்பி இரண்டு கையாலும் ஸ்பேனரைத் தலைக்கு மேல் ஓங்கினான். குறி இப்போது மொட்டைத் தலை.

அவள் அந்த ஆளின் மேல் விழுந்தாள். இரும்பு அவள் மணிக்கட்டில் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது.

"யாருன்னு கேட்டியாடா?"

"தள்ளிப் போக்கா."

"யாருன்னு கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? இவன்தான். போட்டிருக்குல்ல."

"எவன் போட்டான்?"

தம்பி போன் இருந்த பையைத் தட்டிக் காட்டினான். அவன் உலகத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அங்கே அம்பு வைக்கிறவன் அவனே. அவன் வைத்த அம்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவளுக்கு அடியிலிருந்து, ரத்தம் கொப்பளிக்கிற வாயால் அந்த ஆள் குழறிக் குழறிப் பேசினான். "குத்தினவன் அப்பவே ஓடிட்டான்மா. நான் வண்டில... வண்டில ஏத்தினேன்." மூச்சு வாங்கியது. "வழியெல்லாம் பேசிட்டே வந்தாரு. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல. ஓட்டற அவசரம். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வீட்டை விசாரிச்சு..."

அவள் எழுந்து வேனின் பின்கதவைத் திறந்தாள். பெட்டிகளை ஓரம் தள்ளி ஒரு ஆளுக்கு இடம் பண்ணியிருந்தது. அந்த இடமெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மடித்த சாக்கு ஒன்றைத் தலைக்கு வைத்திருக்கிறான்.

தம்பி அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அவன் கட்டைவிரல் எதையோ அழுத்தத் தேடுவதுபோல ஸ்பேனரின் பிடியில் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு இரும்பு தானாகக் கீழே விழுந்தது.

"தூக்குடா," என்றாள் அவள்.

"அண்ணன்..."

"அண்ணன் காத்திருப்பான். அவனுக்கு இனிமே என்ன அவசரம்?" துக்கத்துக்கு வந்திருந்த சித்தியிடம் திரும்பினாள். "நாங்க வர்ற வரைக்கும் யாரும் எடுக்க வேணாம்."

அந்த ஆளை ஏற்றினார்கள். காய்ந்த ரத்தத்தின் மேலேயே படுக்க வைத்தார்கள். வேறு இடம் இல்லை. அவள் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி ஓட்டினான். நடுவழியில், திரும்பிப் பார்க்காமல், "ஸ்டேஷன்ல நானே போய்ச் சொல்லிடறேன்க்கா," என்றான்.

"நானும் புகார் குடுப்பேன்," என்றான் படுத்திருந்தவன்.

"குடுங்க," என்றாள் அவள்.

அந்த ஆளின் கண் சொருகுவதும் திறப்பதுமாக இருந்தது. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நல்ல கையால் எடுத்துப் பார்த்தாள். திரையில் 'வீடு' என்று இருந்தது. காதில் வைத்தாள்.

"எங்கப்பா இருக்க?" என்றது ஒரு பெண் பிள்ளையின் குரல். "சாப்பாடு போடவா, வேணாமான்னு அம்மா கேக்குது."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் அந்தப் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போங்கள், என் செல்வங்களா, நேரமாகிறது. உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினவர்கள் எல்லோரும் கிளம்பின உடம்போடு திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பில் யாருக்காகவும் எடுத்து வைத்த சோறு ஆறிப்போகாமல் இருக்கட்டும்.