மூலைக்கல்லை நிமிர்த்திய கதை

என் வேலிக்கல் ஈஸ்வரபாண்டியின் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டதாம். அவனே வந்து சொன்னான். அதுவும் என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்.

“மதினி, உங்க மூலைக்கல்லு எங்க பக்கம் ஒன்றரை அடி வந்துருச்சு. நான் சண்டைக்கு வரலை. நாளன்னைக்குப் பொக்லைன் வருது. அதைத் தூக்கிப் போட்டுட்டு நானே புதுச் சிமெண்டுக் கால் ஒண்ணு நட்டுத் தாரேன். நீங்க எதுவும் செய்ய வேணாம்.”

எப்பேர்ப்பட்ட தாராள மனசு பாருங்கள். என் வீட்டுக்காரர் பேர் இருதயம். மனிதர் அங்கேயே உருகிவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சண்டையை விலக்கிவிட்டே பழகிப்போன மனிதர். ரெண்டு பக்கமும் சத்தம் போடாமல் இருந்தால் அதுதான் அவருக்கு நியாயம். தம்பி இவ்வளவு தூரம் இறங்கி வரும்போது நாமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்றார். இறங்கி வந்தவன் காலி டம்ளரை என்னிடம் நீட்டினான். அதை வாங்கிக்கொண்ட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஓடைப்பட்டிக்குப் போகிற ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அதற்கு அடுத்த தோட்டம் ஈஸ்வரபாண்டியுடையது. நடுவே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலி. அந்த வேலி திரும்புகிற மூலையில் நிற்பதுதான் நான் சொல்கிற கல். அதற்கு நேர் எதிரே, எங்கள் பக்கம், கிணற்றுச் சுவர். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் ஆறடிப் பாதை. பழம் ஏற்ற வருகிற லோடு ஆட்டோ அந்த ஆறடிக்குள்தான் நுழைந்தாக வேண்டும். இந்தப் பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி மிச்சம். அவ்வளவுதான்.

காப்பி குடித்தவன் போன பிறகு நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். புதுக்கால் வரப்போகிற இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் குறிகூடப் போட்டிருந்தான். எங்கே? என் பாதையில், முழுசாக ஒரு அடி உள்ளே. கல்லின் அடியும் நகர்ந்திருக்கிறது, பழைய இடம் அங்கேதான் என்பது அவன் கணக்கு. அங்கே கால் நட்டால் பாதை ஐந்தடி ஆகிவிடும், லோடு ஆட்டோ நுழையாது. பறிப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வண்டி வராத தோட்டத்துப் பழத்தை எந்த வியாபாரி எடுப்பான்? தலைச்சுமையாக ரோடு வரை கொண்டுபோனால் கொத்தில் பாதி நசுங்கிவிடும். வண்டி போகாத தோட்டத்தைப் பிறகு யார் கேட்பார்கள்? ஒரே ஒருத்தன் கேட்பான். மகன்தான் கோயம்புத்தூரில் இருக்கிறானே, உங்களுக்கு எதற்கு இந்த வயசில் இந்தப் பாடு, எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று ஏற்கனவே ரெண்டு முறை கேட்டவன்தான்.

சரி, கல் ஏன் சாய்ந்தது? அதைத்தான் யாருமே கேட்கவில்லை. போன ஐப்பசி மழையில் அவன் திராட்சைப் பந்தலின் ஓரக்காலை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி, மண்ணுக்குள் புதைத்திருந்த கல்லோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. திரும்பக் குழி தோண்டிப் புதைக்க உடம்பு வணங்கவில்லை. “ரெண்டு நாளைக்கு மதினி” என்று சொல்லிக் கம்பியைக் கொண்டுவந்து என் மூலைக்கல்லின் தலையில் கட்டினான். ரெண்டு நாள் போய் ஒன்பது மாசம் ஆகிவிட்டது. பந்தல் முழுக்கப் பழம் பிடித்துக் கனத்தது. ஆடிக் காற்றும் சேர்ந்துகொண்டது. கனம் ஏற ஏற என் கல் அவன் பக்கம் தலையைச் சாய்த்தது. கட்டி இழுத்தவன் அவன். இப்போது உன் கல் என் நிலத்துக்குள் வந்துவிட்டது என்று நியாயம் பேசுகிறவனும் அவன்.

சர்வேயருக்கு மனுப் போடலாம் என்றால், அவர் வருவதற்குள் பழம் கொடியிலேயே வற்றிவிடும். அதனால் ஊர் வழக்கப்படி நல்லகண்ணு மாமாவைக் கூப்பிட்டார்கள். முன்பு தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். நூறடி டேப் ஒன்று சொந்தமாக வைத்திருப்பதால் எல்லைத் தகராறு எல்லாம் அவரிடம்தான் போகும். வந்தார். என்ன செய்தார் தெரியுமா? சாய்ந்திருந்த கல்லின் தலையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அது தரையில் தொட்ட இடத்தில் குச்சி நட்டார். அங்கிருந்து கல்லின் அடி வரைக்கும் அளந்தார்.

“ஒன்றரை அடி சரியாத்தான் இருக்குது ஆத்தா” என்றார்.

குடித்துவிட்டு ஒரு மனுஷன் தெருவில் சாய்ந்து நின்றால், அவன் தலையிலிருந்து அளந்து அவன் அடுத்த வீட்டில் நிற்கிறான் என்று சொல்வார்களா? இதை நான் கேட்டபோது என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பெரியவரிடம் அப்படிப் பேசக்கூடாதாம். நான் கையை உதறினேன். கல்லைப் பிடுங்க விடமாட்டேன், புதுக்காலும் வேண்டாம், நின்ற குழியிலேயே நிமிர்த்தித் தரட்டும், அது போதும் என்றேன்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தினால் நிற்காது, புதுசு நடுவதுதான் நல்லது என்று ஈஸ்வரபாண்டி மாமாவுக்குப் பாடம் எடுத்தான். இழுக்கிறதை நிறுத்தினால் நிற்கும் என்றேன். யார் இழுக்கிறது என்று கேட்டான். கம்பியைக் காட்டினேன்.

“அது சும்மா கட்டியிருக்கு மதினி. இழுக்கவே இல்லை.”

“சும்மாதானே கட்டியிருக்க தம்பி? அப்ப மாமா முன்னாடியே அவுத்துரு.”

அவன் கம்பிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அவிழ்த்தால் பந்தலின் ஓரம் படுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவிழ்க்காவிட்டால் சொன்னது பொய். பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்துக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினேன். ணங்கென்று சத்தம் வந்தது. நல்லகண்ணு மாமா குனிந்து கம்பியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு அடங்குகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு அவனைப் பார்த்தார்.

எனக்கு அந்தக் கம்பியை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கட்டிங் பிளேயர் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் பழம் தாங்கி நிற்கிற பந்தல் அது. கொடி என்ன பாவம் செய்தது? அதனால்தான் ஒன்பது மாசமாக நான் அதைத் தொடவில்லை. அந்தப் பொறுமையைத்தான் அவன் ஏமாளித்தனம் என்று நினைத்துக்கொண்டான்.

மாமா ஒரு வழியாகத் தீர்ப்புச் சொன்னார். ரெண்டு நாளைக்குள் ஈஸ்வரபாண்டி அவன் நிலத்தில் அவன் கல்லைப் புதைத்து அதில் கம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கல்லின் அடி நகர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லையாம். நகர்ந்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார்.

“குழிக்குள்ள கரி கிடக்கும்ல மாமா” என்றேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லைக்கல் நடும்போது குழியின் அடியில் ஒரு சட்டி அடுப்புக்கரியைக் கொட்டி, அதன் மேல்தான் கல்லை இறக்குவார்கள். கரி எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. கல் நின்ற இடத்துக்கு அதுதான் சாட்சி. ஈஸ்வரபாண்டி ஏன் கடப்பாரையோடு வராமல் பொக்லைனோடு வருகிறேன் என்றான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பொக்லைன் ஒரு வாரு வாரினால் கல்லும் வரும், கரியும் வரும், சாட்சியே இல்லாமல் போகும். காப்பி குடிக்கும்போதே அவன் இதையெல்லாம் யோசித்துத்தான் இருந்திருக்கிறான்.

மூன்றாம் நாள் காலையில் அவன் கம்பி அவன் கல்லுக்குப் போயிருந்தது. நிமிர்த்தும் வேலைக்கு ஆள் கூப்பிடலாம் என்றார் இருதயம். கூப்பிட்டால் நாலு பேர் வந்து தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளுவார்கள். கல் தரைமட்டத்தில் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் புதுக்கால்தான். ஈஸ்வரபாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. நானே செய்கிறேன் என்றேன்.

முதலில் முள்கம்பியை அந்தக் கல்லிலிருந்து கழற்றிவிட்டேன். பிறகு என் பக்கத்து மண்ணை மட்டும் தோண்டினேன். கல் அவன் பக்கம் சாய்ந்திருக்கிறது, நிமிரும்போது என் பக்கம்தான் வரும், அதற்கு இடம் விட வேண்டியதும் என் பக்கம்தான். அவன் மண்ணில் ஒரு பிடிகூட நான் தொட வேண்டியதில்லை. இதை மாமாவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

ஒரு முழம் போனதும் மண் இறுகியது. கடப்பாரையைக் கல்லில் படாமல் போட்டுப் போட்டு நெம்பினேன். முதுகு விண்ணென்று வலித்தது. ரெண்டடி ஆழத்தில் மண்வெட்டி கறுப்பாக எதையோ அள்ளிக்கொண்டு வந்தது. கையில் எடுத்துத் தேய்த்தேன். விரல் கறுத்தது. கையை விட்டுத் துழாவினேன். கல்லின் அடிக்குச் சரியாகக் கீழே, அங்கே இங்கே சிதறாமல், அப்படியே கிடந்தது கரி.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார். “கல்லு நின்ன எடத்துலதான் நிக்குது” என்று ஈஸ்வரபாண்டியைப் பார்த்துச் சொன்னார். நான் கரிக்கையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். அவன் அதைப் பார்க்கட்டும் என்றுதான்.

பிறகு கல்லின் தலையில் சாக்கைச் சுற்றி, கயிற்றை இரட்டையாகப் போட்டு, கிணற்றுக்கு அந்தப் புறம் இருக்கிற தென்னையில் கட்டினோம். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினோம். ஒரு முறுக்கு, கொஞ்ச நேரம் நிறுத்தம், மறுபடி ஒரு முறுக்கு. அவசரப்பட்டால் போச்சு. ஒவ்வொரு முறுக்குக்கும் கல் ஒரு விரற்கடை வந்தது. நாலாவது முறுக்கில் எங்கோ நறநறவென்றது. ஒடிந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். குழிக்குள் ஒரு சரளைக்கல் நொறுங்கியிருந்தது, அவ்வளவுதான். இருதயம் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அன்றைக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மத்தியானத்துக்குள் கல் நிமிர்ந்தது. மாமாவிடமிருந்து அதே தூக்குக்குண்டை வாங்கித் தொங்கவிட்டேன். நூல் கல்லை ஒட்டி நேராக இறங்கியது. நிமிர்ந்ததில் அந்தப் பக்கம் விழுந்த சந்தில் பெரிய கல்லாகப் பார்த்துச் செருகினேன். கரியை எடுத்த இடத்திலேயே போட்டு மூடினேன். மண்ணும் சரளையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் கடப்பாரையின் மொட்டை முனையால் குத்திக் கெட்டித்தேன். தண்ணீர் தெளித்து மறுபடியும் குத்தினேன். சிமெண்டு ஒரு பிடிகூடப் போடவில்லை. கயிற்றை மட்டும் ஒரு வாரம் அவிழ்க்காமல் விட்டு வைத்தோம்.

சாயங்காலம் தேநீர்க் கடையில் என்ன பேச்சு தெரியுமா? ஈஸ்வரபாண்டி பெருந்தன்மையாகக் கம்பியை மாற்றிக் கொடுத்தானாம், வாத்தியார் சாமர்த்தியமாகக் கல்லை நிமிர்த்திவிட்டாராம். என் உள்ளங்கைக் கொப்புளம் யாருடைய சாமர்த்தியம் என்று தெரியவில்லை. இருதயம் வந்து சிரித்துக்கொண்டே இதைச் சொன்னபோது, கடையில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்டேன். மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பறிப்பு நாளும் வந்தது. பழப்பெட்டிகளை ஏற்ற சுருளிராஜன் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தான். கிணற்றுச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்து அந்தப் பக்கம் பார்த்து மெதுவாக நுழைத்தான். அரை அடி, அரை அடி. ஈஸ்வரபாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

கல்லைத் தாண்டியதும் சுருளிராஜன் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான். “யக்கா, இம்புட்டு வேலை பாத்துருக்கீக. கல்லு கையில இருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு அரை அடி தள்ளி நட்டுருந்தா வண்டி சொகமாப் போகும்ல? யாரு கேக்கப் போறா?”

அந்தப் பக்கம் கம்பி முறுக்குகிற சத்தம் நின்றது.

“அந்த அரை அடி தம்பியோடது” என்றேன். “நீ பாத்து ஓட்டு.”

வண்டி உள்ளே போனது. ஈஸ்வரபாண்டி கம்பியைப் பிடித்தபடியே நின்றான். தலையைத் தூக்கவில்லை.