சந்திப் பிழை

1

இந்தக் கதையை நின்றுகொண்டு எழுதுகிறேன். மடிக்கணினி வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது. காரணத்தை ஒளிக்கப் போவதில்லை: போன வாரம் சைக்கிள் வாங்கினேன், சீட்டில் பட்ட இடமெல்லாம் புண். என் வலியை நானே சொன்னால் கட்டுரை. இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டால் கதை. ஆகவே ஷிபாவை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'பத்மநாபபுரம் கோட்டைச் சுவரில் விடியல் பொன்னாய் வழிந்தபோது, ஷிபா தன் மிதிவண்டியை' – வேண்டாம். மிதிவண்டி என்று எழுதுகிறவனுக்குப் புண் வந்திருக்கவே முடியாது.

இரண்டாவது: 'ஷிபாவுக்கு வலித்தது. எங்கே என்றால்' –

இங்கே மாட்டிக்கொண்டேன். பிட்டம் என்றால் ஆஸ்பத்திரி வாடை. பின்புறம் என்றால் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம் இருப்பதாகத் தோன்றும். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒரு சொல் உண்டு. அதை ஷிபாவின் வாயில் வைத்தால் அவளே என்னை அடிப்பாள். எங்கள் பக்கம் அந்த இடத்துக்குச் சந்தி என்று பெயர்.*

* மலையாளத்தோடு உள்ள பங்காளி உறவு. எங்கள் மாவட்டத்தைத் தாண்டிவிட்டால் சந்தி என்பது தெருக்கள் கூடும் இடம். இலக்கணத்தில் சொற்கள் கூடும் இடம். 'சந்தி கவனிக்கவும்' என்று பிழைதிருத்துகிறவர் ஓரத்தில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இந்த வாரம் வரவில்லை.

3

ஷிபா தக்கலையில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் "இரிங்க" என்று உட்காரச் சொல்வதுதான் வேலை. விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு போய்த் திரும்பும் நேரத்தில் மட்டும் அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அது போய்விட்டால் நாளில் அவளுக்கென்று ஒன்றுமில்லை. [சைக்கிளை எதற்காவது குறியீடாக்கலாமா என்று யோசித்தேன். சைக்கிள் சைக்கிளாகவே இருக்கட்டும்.]

அவள் செய்த தவறுகள் எனக்கு மனப்பாடம், எல்லாம் என்னுடையவை. சீட் குத்துகிறதென்று மெத்தென்ற உறை மாட்டினாள். மெத்தை கூடினால் சதை அமுங்கி உரசலும் கூடும் என்று தெரியவில்லை. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கி, சுடிதாருக்கு அடியில் போட்டாள். அதை வெறும் உடம்பில்தான் போட வேண்டும். மானமுள்ள பெண்ணாக அவள் உள்ளே ஜட்டியும் போட, அதன் தையல் தோலை அறுத்துவிட்டது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்பதற்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டுமே.

கணவன் செல்வதாஸ் நல்லவன். [மோசமானவனாக எழுதிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.] அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தான்.

"ஏட்டி, எங்கயாவது விழுந்தியா?"

"இல்ல."

"ரோடெல்லாம் டாரஸ் லாரி பறக்குது. நீ விழுந்தேன்னு ஒரு தடவ கேட்டேன்னா, பின்ன சைக்கிளு இந்த வீட்டுல இரிக்காது. சொல்லியாச்சு."

சொன்னதைச் செய்கிறவன். பயத்தில் பேசுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான்.

4

அடுத்த வீட்டு ஞானபாய் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஷிபா உட்காரவில்லை.

"இரி மக்கா," என்றாள் ஞானபாய்.

"நான் நின்னுக்கிடுதேன் அக்கா."

தேவசெய்தி கொடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த போதகர் இதைக் கவனித்தார். ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒருத்தி மட்டும் நின்றால், அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"சகோதரி சாட்சி சொல்ல நிக்கிறாங்க! சொல்லுங்கம்மா, ஆண்டவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

 ஷிபாவுக்குப் பொய் யோசிக்க நேரமில்லை, உள்ளதே வாயில் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல பாஸ்டர்... சைக்கிள்ல போனதுல... சந்தியில கொஞ்சம் காயம்."

உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் பைபிளுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். போதகருக்கு மட்டும் கண் கலங்கியது.

"எந்தச் சந்தியிலம்மா?"

ஞானபாயின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"வண்டி மோதிருச்சா? ஜீவனோட வந்துட்டீங்களே, அது போதும். விபத்துல காத்த தேவனுக்கு அல்லேலூயா சொல்லுங்க!"

சொல்லும் நிலையில் யாருமில்லை. அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிய செல்வதாஸுக்கு, 'வண்டி மோதிருச்சா?' என்பதிலிருந்துதான் காதில் விழுந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏட்டி... எந்த ஜங்சன்ல?"

5

முடிவுகள்.

அ) "ஆமா பாஸ்டர், வண்டி மோதிச்சு" என்கிறாள் ஷிபா. மானம் தப்பிவிட்டது. நாளையே சைக்கிள் வீட்டைவிட்டுப் போகிறது. எழுதச் சுலபம், துயரமான முடிவுக்கு எங்கள் வட்டாரத்தில் மரியாதையும் உண்டு.

ஆ) செல்வதாஸே விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்து, நல்ல சீட் ஒன்று வாங்கித் தருகிறான். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூசியது. அவள் வாய் திறக்காமலேயே எல்லாம் சரியாகிவிடுகிறது.

இ) 'ஞானபாய் எழுந்து போய்ப் போதகரின் காதில்' – கூடாது. இதை ஷிபாதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு இழுக்கிறேன்.

6

அவள் என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, தொடங்கிவிட்டாள்.

"ஜங்சன்ல ஒண்ணும் இல்ல. நான் விழவும் இல்ல, எந்த வண்டியும் மோதவும் இல்ல. பாஸ்டர், சந்தின்னா எங்க ஊருல –"

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அவள் உட்கார மறுத்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. அதில் உங்களை உட்கார வைக்கிறேன். இதுவரை நீங்கள் சிரித்ததில் தப்பில்லை, சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் இப்போது அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். உள்ளூர் முகங்கள் எல்லாம் பைபிளுக்குப் பின்னால் இருக்கின்றன. விஷயம் தெரிந்தும் மறைத்துக்கொள்ளப் புத்தகம் இல்லாத முகம் உங்களுடையது மட்டும்தான்.

நீங்கள் சிரித்தால் "ஆமா, வண்டிதான்" என்று சொல்லிவிடுவாள். சிரிக்காமல் லேசாகத் தலையை ஆட்டினால் போதும், சொல்லி முடித்துவிடுவாள்.

உங்களைத்தான் பார்க்கிறாள்.