பானெட் திறந்திருக்கிறது

நான்காவது முறையாக அந்த மஞ்சள் விளக்கு எரிந்தபோது அண்ணி போன் செய்யவில்லை. காரையே கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்திவிட்டார்.

அண்ணி என்றால் மெக்கானிக்கின் மனைவிக்கு அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சீருடைப் பையில் பேனா அப்படியே குத்தியிருந்தது.

"தம்பி, திரும்பவும் எரியுது."

"எரியாதே அண்ணி."

"அப்ப நான் கனவு கண்டேனா?"

மெக்கானிக் காருக்குள் எட்டிப் பார்த்தான். எரிந்தது. சிக்னலில் நின்றால் அந்தக் காரின் எஞ்சின் தானாக அணைய வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகக் கிளம்ப வேண்டும். அது இப்போது நடக்காது என்று சொல்வதற்குத்தான் இந்த விளக்கு. மற்றபடி கார் நன்றாக ஓடும். வேறு யாராவது என்றால் பழகிக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணி பழகிக்கொள்கிற ஆள் இல்லை.

"முதல் தடவை என்னன்னு சொன்னீங்க?"

"பேட்டரி."

"ரெண்டாவது?"

"சென்சார்."

"மூணாவது?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான். "எலி."

"ஒரே காய்ச்சலுக்கு மூணு டாக்டர் மூணு பேர் வெச்சாக்கூட ஒத்துக்கலாம். நீங்க ஒருத்தரே மூணு பேர் வெக்கிறீங்க. இன்னைக்கும் பிடிபடலன்னா ஷோரூம்ல விட்டுடுவேன். நம்ம சொந்தத்துல யார் கேட்டாலும் அங்கயே போகச் சொல்லிடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏதோ வேலை என்று, வண்டி பட்டறையில் நிற்பதை வீட்டுக்காரருக்குப் போனில் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்.

மெக்கானிக்குக் கார் போவது பெரிதில்லை. பேர் போவதுதான் பெரிது. பெண் கேட்டுப் போனபோது, கை முழுக்க கிரீஸோடு இருக்கிறவனுக்கா கொடுப்பது என்று மனைவி வீட்டில் ஒரு வாரம் கூடிக்கூடிப் பேசினார்கள். இன்று அதே வீட்டில், அவன் தொட்டால் வண்டி வாயைத் திறந்து பேசும் என்கிறார்கள். அந்த ஒரு பேச்சுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு வேன் இடத்தை அடைத்து நின்றதால் காரை நகர்த்த வழியில்லை. மழையில் பானெட்டைத் திறக்க மனமில்லாமல், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மட்டும் மாட்டினான்.

திரையில் வரிசையாக வந்தது. பேட்டரி: நலம். சென்சார்: நலம். பானெட்: திறந்திருக்கிறது.

தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்தான். பானெட் மூடித்தான் இருந்தது. மழை அதன்மேல் குதித்துக்கொண்டிருந்தது.

இந்த வரியை அவன் ஏற்கெனவே மூன்று முறை பார்த்திருக்கிறான். வண்டி வந்ததும் முதலில் பானெட்டைத் தூக்கி நிறுத்துவது, பிறகு ஸ்கேனரை மாட்டுவது. கை பழகிய வரிசை அது. திறந்திருக்கிறது என்று திரை சொல்லும். நான்தானே திறந்தேன் என்று அடுத்த வரிக்குப் போய்விடுவான். வேலை முடிந்ததும் பானெட்டைப் படாரென்று சாத்துவான். விளக்கு அணைந்திருக்கும். அன்றைக்கு எதைத் துடைத்தானோ அதற்குப் பெருமை போய்ச் சேரும்.

மழையில் இறங்கி, பானெட்டின் நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். ஒரு விரற்கடை இறங்கியது. டக். உள்ளே விளக்கு அணைந்தது.

பானெட் பாதிப் பூட்டில்தான் நின்றிருக்கிறது. திறந்திருக்கும்போது யாராவது உள்ளே கையை விட்டிருக்க, எஞ்சின் தானாகக் கிளம்பிவிடக் கூடாது. அதனால் கார் நியாயமாகத்தான் நடந்துகொண்டது.

ஆனால் யார் திறக்கிறார்கள்? மழை நிற்கும்வரை காத்திருந்து, பானெட்டைத் தூக்கினான். பேட்டரிக்குப் பக்கத்துச் சந்தில், பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றி, பட்டர் பிஸ்கட் பாக்கெட் ஒன்று. பாதி காலி. போன முறை கிடந்த துணுக்குகளை எலியின் கணக்கில் எழுதியது ஞாபகம் வந்தது.

"சகலை," என்று பின்னால் ஒரு குரல்.

அண்ணியின் கணவர். நூலகர். அவர் நடந்தால் தரைக்கே தெரியாது. போன வருடம் சர்க்கரை முந்நூறைத் தொட்டதிலிருந்து அவர் வீட்டில் பிஸ்கட் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. மழை விட்டும் குடையை மடக்காமல் நின்றார். மூச்சு வாங்கியது.

"என்ன சகலை இந்தப் பக்கம்?"

"சும்மாத்தான். காத்து நல்லா இருந்துச்சு, நடந்தேன்."

"மூணு கிலோமீட்டரா?"

நூலகரின் கண் பானெட்டுக்குள் போய் வந்தது. "எலி ஏதாவது...?"

"மாட்டிடுச்சு. கண்ணாடி போட்ட எலி. குடை பிடிச்சிட்டு நிக்குது."

நூலகர் குடையை மடக்கினார்.

"ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு. அதுவும் அவ வண்டியை விட்டுட்டுக் குளிக்கப் போற நேரத்துல. எஞ்சின் சூட்டுல, அப்பத்தான் அடுப்புலேருந்து இறக்கின மாதிரி இருக்கும் சகலை. ஒண்ணு தின்னு பாருங்க."

"தின்னது இருக்கட்டும். பானெட்டை ஏன் ஒழுங்கா சாத்தல?"

"படார்னு சாத்தினா அவளுக்குக் கேக்காதா? அடுத்த வார்டுல ஊசி விழுந்தாக்கூட கேக்கும் அவளுக்கு."

"உங்க வாய்க்கு நான் பேர் கெட்டு நிக்கிறேன். அண்ணி வரட்டும், சொல்லத்தான் போறேன்."

"தாராளமா சொல்லுங்க." நூலகர் சாவதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் தின்னேன், பானெட்டைச் சாத்தல, அதான் கோளாறுன்னு சொல்லுங்க. அப்போ பேட்டரி, சென்சார், எலி எல்லாம் என்னன்னு அவ கேப்பா. அதுக்கும் ஒரு பதிலை எடுத்து வெச்சுக்கங்க."

மெக்கானிக்குப் புரிந்தது. இத்தனை வருடம் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை.

எதிரே கண்ணாடிக் கடைக் கதவு திறந்தது. பாக்கெட்டை எடுக்க நேரமில்லை. பானெட்டைப் படாரென்று சாத்தினான்.

"நீங்க எங்க இங்க?" என்றார் அண்ணி, கணவரைப் பார்த்து.

"நடைப்பயிற்சி. நீதானே நடக்கச் சொன்னே?"

அண்ணி காரில் எட்டிப் பார்த்தார். விளக்கு இல்லை. "இந்தத் தடவை என்ன தம்பி?"

"பானெட் பூட்டு அண்ணி. கொஞ்சம் இறுகிக் கிடக்கு. சரியா உக்காரல. எண்ணெய் விட்டிருக்கேன். இனிமே எரியாது."

"பூட்டா?" அண்ணி யோசித்தார். நாடி பிடித்துப் பார்ப்பவர் போல இருந்தது. காருக்குள் கையை விட்டு பானெட் நெம்புகோலை இழுத்தார். "காட்டுங்க. அப்போ பூட்டுதான் காரணம்னா, போன மூணு தடவை நீங்க பாத்ததெல்லாம்..."

பேசிக்கொண்டே பானெட்டைத் தூக்கியவர் நிறுத்தினார்.

"இது யாரோடது?"

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நூலகர் ஆகாயத்தைப் பார்த்தார். மெக்கானிக்குக் காதில் விழுந்துகொண்டிருந்தது போன மூணு தடவை என்று அண்ணி பாதியில் விட்ட கேள்விதான். அது திரும்பி வருவதற்குள் எதையாவது குறுக்கே போட வேண்டும்.

"என்னோடது அண்ணி."

"உங்களோடதா?"

"வேலை பாக்கும்போது பசிச்சது. அங்கயே வெச்சுட்டேன்."

"எஞ்சினுக்குள்ளயா? கிரீஸ் கையோடயா?" அண்ணி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "அரை மணி நேரத்துல பாதிப் பாக்கெட்!"

"சகலை," என்றார் நூலகர், மிகுந்த அக்கறையோடு. "இந்த வயசுல இவ்வளவு இனிப்பு உடம்புக்கு ஆகாது."

மெக்கானிக் அவரைப் பார்த்த பார்வையில் வேறொருவர் என்றால் கருகியிருப்பார்.

அண்ணி அதற்குள் தங்கைக்குப் போன் போட்டிருந்தார். "உன் வீட்டுக்காரரை நாளைக்கு வெறும் வயித்தோட என் வார்டுக்கு அனுப்பு. ரத்தம் எடுக்கணும். ஆமா. தின்னுட்டு வந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்லு." காதிலிருந்து போனை எடுக்காமலே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இல்ல இல்ல, வண்டி சரியாயிடுச்சு. கைராசிக்காரர்தான். வாய்தான் அடங்கல."

பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் பானெட்டைப் படாரென்று சாத்தினான். இருவரும் ஏறினார்கள். நூலகர் ஜன்னல் வழியே ஒரு விரலை மட்டும் தூக்கி விடைபெற்றார்.

தெருமுனை சிக்னல் சிவப்பில் இருந்தது. கார் போய் நின்றது. எஞ்சின் அடங்கியது. மெக்கானிக் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான். பச்சை விழுந்ததும் அது தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. கைராசிக்காரர் என்று அண்ணி சொன்னதை இன்னொரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, எடுத்துக் காதில் வைத்தான்.