நாற்பதடி தூர ஜெபம்

பிறந்த வீட்டுச் சீலையை அக்காள்மேல் போர்த்தி, ஓரத்தைச் சவப்பெட்டிக்குள் செருகிக்கொண்டிருந்தார் ரத்தினம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அக்காள் வீட்டுக்குள் வந்திருக்கிறார். அவர் வீட்டுக்கும் அக்காள் சந்திரம்மாள் வீட்டுக்கும் நடுவில் நாற்பதடி. மண்ணூரில் அதைவிடக் கிட்டத்தில் இருந்துகொண்டு யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

“ஒரு நாள் கூட படுக்கையில கெடத்தாத ஆண்டவரேன்னு கேட்டுகினே இருந்தாங்க மாமா,” என்றான் அக்காள் மகன் பகலவன். “டீய ஆத்திகினு இருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க.”

அதுவும் கிடைத்துவிட்டது. முழங்கால் வலிக்காக ஒன்பது வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கும் ரத்தினத்துக்கு வயிறு எரிந்தது.

சந்திரம்மாள் கேட்டு ஆண்டவர் மறுத்ததில்லை. எந்த ஊரிலும் நிற்காத கம்பெனி பஸ், அவள் ஜெபித்த வாரமே மண்ணூர் முனையில் நிற்கத் தொடங்கியது. அவள் போர்வெல்லில் நூற்றிருபதடியில் தண்ணீர். ரத்தினம் உபவாசம் இருந்து போட்டதில் நானூறடி வரைக்கும் புழுதி, அதுவும் சலித்த மாவு மாதிரி. கொசு ஒழிய வேண்டுமென்று ஒரு சாயங்காலம் கேட்டாள். ஒழிந்தது. அவ்வளவும் ரத்தினம் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. எல்லாம் அக்காள் வீட்டுக் கொசுதான், பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தபோதுதான் பொறுக்கவில்லை. மகன் பிரசன்னாவுக்காக மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முழங்காலில் நின்றார். வலி அப்போது வந்ததுதான். அக்காளோ மீன் உரசிக்கொண்டே கேட்டாள். வேலை பகலவனுக்குப் போயிற்று. பிரசன்னா இன்றைக்கும் காண்டிராக்ட்.

அன்றைக்கு ரத்தினம் இன்னொரு ஜெபம் செய்தார். “எனக்கு ஒண்ணும் வேணாம் ஆண்டவரே. அவ கேக்கறதுல ஒண்ணே ஒண்ண மட்டும் குடுக்காத.” அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக் கோதண்டம் ரசம் சோறு கொண்டுவந்து இறக்கினார். அவர் வல்லக்கோட்டை முருகனுக்கு மாசம் தவறாமல் போகிறவர். “அவசரம்னா நானே அந்தம்மா கிட்டதான்யா சொல்லுவேன். முருகருக்கு கூட்டம் ஜாஸ்தி,” என்று மூக்கை உறிஞ்சினார்.

ரத்தினம் செருப்பைத் தேடினார்.

“ஒரு வாய் சாப்ட்டுப் போங்க மாமா,” என்று பகலவன் வாசலை மறித்தான்.

“பசிக்கல.”

“அம்மா கேட்டுக் கெடைக்காதது இது ஒண்ணுதான் மாமா.”

“எது?”

“தம்பி இந்த வூட்ல ஒரு வாய் துன்னணும்னு. ஒம்போது வருசம், தெனம் காலைல. ஆண்டவர் ஆமான்னுவாரு, இல்லன்னுவாரு, பொறுன்னும் சொல்லுவாரும்மான்னு பாஸ்டர் சொல்லிப் பாத்தாரு. அதுக்கு அம்மா இன்னா சொல்லுச்சு தெரியுமா? ‘ஆண்டவர் அப்பவே ஆமான்னுட்டாரு பாஸ்டர். எங்க தம்பிதான் மாட்டேன்றான்.’”

ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே ரத்தினம் நின்றார்.

அப்படியானால் தமது ஜெபமும் கேட்கப்பட்டிருக்கிறது. கேட்ட அன்றைக்கே. ஒன்பது வருஷம், ஒரு நாள் விடாமல். அதைத் தம்மை வைத்தே ஆண்டவர் நிறைவேற்றியிருக்கிறார். இது தெரியாமல் ஞாயிறு தோறும் கோவிலில் கடைசி பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போதும் மோசம் போகவில்லை. தம் வீட்டுக்கு நாற்பதடி நடந்தால் போதும், அக்காளுக்கு ஒன்று கிடைக்காமலே போய்விடும். உட்கார்ந்தாலோ, தமக்கென்று பலித்த ஒரே ஜெபமும் போயிற்று.

“இன்னா மாமா?”

“செத்தும் ஜெயிச்சிகினு கீறா,” என்றார் ரத்தினம். செருப்பிலிருந்து காலை எடுத்தார்.

சுவரோரம் கோதண்டம் இலை போட்டார். சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டிய ஜெபத்தை ரத்தினம் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தார். முதல் உருண்டையை வெகு நேரம் மென்றார்.

“காரமா கீதா?” என்றார் கோதண்டம்.

ஒரு வாய்தான் அவள் கேட்டிருந்தாள். ரத்தினம் நிமிராமலே, இன்னும் கொஞ்சம் போடும்படி இலையைக் காட்டினார்.